காப்டன் மான்டெல் துரத்தியது எதை?

1948-ம் வருஷம், ஜனவரி 7-ந் தேதி. அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்திலுள்ள காட்மன் விமான நிலையத்துக்கு, மத்தியானம் இரண்டு மணியை நெருங்கும் வேளையில் டெலிபோனில் ஒரு தகவல் வந்தது. ஆகாயத்தில் வட்டமாக, பெரிதாக ஏதோ தெரிகிறதென்று ஊர் ஊராக ஜனங்கள் நெடுஞ்சாலைப் போலீஸாரிடம் சொல்கிறார்களாம்.

கோபுரத்திலிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். உண்மைதான்! தெற்கே, வெகு உயரத்தில், வெள்ளையாக ஒன்று நின்றது. பைனாகுலர் கைக்குக் கை மாறியது. ஒருவர் கண்ணுக்கு அது பாராசூட். இன்னொருவருக்கோ, உச்சியில் சிவப்பு வைத்த ஐஸ் கிரீம் கூம்பு! 'பறக்கும் தட்டு' என்ற பெயர் பிறந்து அப்போது ஆறே மாதந்தான் ஆகியிருந்தது. யார் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று சொல்ல வேண்டுமா?

அந்தச் சமயம் பார்த்து நான்கு மஸ்டாங் விமானங்கள் அந்தப் பக்கமாக வந்தன. தலைமை விமானி காப்டன் தாமஸ் மான்டெல். வயது 25. யுத்தத்தில் நார்மண்டிப் படையெடுப்பின்போது விமானம் ஓட்டிப் பதக்கம் பெற்றவர். "அது என்னவென்று பார்த்து வர முடியுமா?" என்று கோபுரம் கேட்டது. ஒரு விமானம் பெட்ரோல் போதாமல் விலகிக்கொள்ள, மற்ற மூன்றும் மேலே ஏறின.

22,000 அடி உயரத்தில் தோழர்கள் இருவரும் திரும்பிவிட்டார்கள். மான்டெல் திரும்பவில்லை. அவரிடம் பிராணவாயுக் கருவி கிடையாது! அந்த உயரத்துக்கு மேல் மூளை மயங்கச் சில நிமிஷங்களே போதும். மயக்கம் வருகிறதென்பதும் தெரியாது; குஷியாகக்கூட இருக்குமாம். விமானம் தலைகுப்புறப் பாய்ந்து, வானத்திலேயே உடைந்து, பிராங்க்ளின் என்ற ஊரருகே சிதறி விழுந்தது. அவருடைய கைக்கடிகாரம் 3 மணி 18 நிமிஷத்தில் நின்றிருந்தது.

வதந்திக்குக் கேட்பானேன்? தட்டிலிருந்து ஏதோ கதிர் பாய்ந்து விமானியை எரித்துவிட்டது என்றார்கள். உடலே அகப்படவில்லை என்றார்கள். இதற்கு ஆதாரம் ஏதுமில்லை.

விமானப் படை ஒரு விளக்கம் தேடிற்று. மான்டெல் கண்டது சுக்கிரன் என்றார்கள். கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும், கணக்குப் போட்டுப் பார்த்தால் அன்று அந்த நேரத்தில் சுக்கிரன் ஏறக்குறைய அந்தத் திசையில்தான் இருந்தது. ஆனால் பட்டப் பகலில் சுக்கிரன் ஓர் ஊசிமுனைப் புள்ளி. இருக்குமிடம் தெரிந்து உற்றுப் பார்த்தாலே கண்ணில் படுவது அரிது. அதைப் போய் ஐஸ் கிரீம் கூம்பு என்று யாராவது சொல்வார்களா? பிற்பாடு மென்ஸல் என்ற வானசாஸ்திரி, மேகத்துப் பனித்துகள்களில் வெயில் பட்டுத் தோன்றும் போலிச் சூரியனாக இருக்கலாம் என்றார். அதுவும் சரிப்படவில்லை.

உண்மையில் விடை வேறோர் இலாகாவின் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. அமெரிக்கக் கடற்படை 1947-லிருந்து 'ஸ்கைஹூக்' என்ற ராட்சத பலூன்களைப் பரம ரகசியமாகப் பறக்கவிட்டு வந்தது. மெல்லிய பிளாஸ்டிக் தாளில் செய்தவை. குறுக்களவு சுமார் 100 அடி. 60,000 அடிக்கும் மேலே மிதக்கக் கூடியவை. வெயில் பட்டால் உலோகம் மாதிரி பளபளக்கும். கீழே கூம்பி மேலே பருத்த உருவம். கூம்பு ஐஸ் கிரீமேதான்! மான்டெலுக்கு இப்படி ஒரு வஸ்து உலகத்தில் உண்டென்றே தெரியாது. விசாரித்த உத்தியோகஸ்தர்களுக்கும் தெரியாது.

அனுபவமுள்ள விமானி தூரத்தை எப்படித் தவற விட்டார் என்று கேட்கலாம். ரயிலில் போகும்போது ஜன்னலோரக் குழந்தை, "அம்மா, நிலா நம்ம கூடவே வருது!" என்று கூவுகிறதல்லவா? வெறும் வானத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட மரமில்லை, மாடியில்லை. அளவு தெரியாத பொருளின் தூரத்தைப் பெரியவர்களின் கண்ணும் அறியாது. இன்னும் கொஞ்சம் ஏறினால் எட்டிவிடலாம் என்றே மான்டெலுக்குத் தோன்றியிருக்கும். பலூன் இருந்த உயரமோ அந்த விமானம் எட்டவே முடியாதது.

1952-ல் ரப்பெல்ட் என்ற விமானப் படைக் காப்டன் பழைய கோப்பைத் தூசி தட்டி எடுத்தார். அன்று பறந்த பலூன் இன்னதென்று காட்டும் காகிதம் அவருக்கு அகப்படவில்லை. ஆகையால் 'நிச்சயம்' என்று அவர் எழுதவில்லை. பலூனாகவே இருக்க வேண்டும் என்பது அவர் அபிப்பிராயம். எனக்கும் அதுவே படுகிறது. முதலிலேயே "தெரியவில்லை" என்று நேர்மையாகச் சொல்லியிருந்தால், பிறகு வந்த பலூன் விளக்கத்தை ஜனங்கள் நம்பியிருப்பார்கள். சுக்கிரன் என்று ஒரு தடவை சொல்லிக் கெடுத்துக்கொண்டார்கள்.

ரப்பெல்டுக்குக் கோப்பில் அகப்பட்ட சாட்சியங்களில் ஒன்று, தெற்கே நாஷ்வில் நகரத்து வானசாஸ்திரி ஒருவருடையது. அதே தினம் அவரும் ஆகாயத்தில் ஒரு பொருளைக் கண்டு பைனாகுலரைத் திருப்பியிருக்கிறார். பேரிக்காய் வடிவத்தில் ஒரு பலூன். அடியில் கயிறுகள், ஒரு கூடை. அவர் அதைப் பார்த்தது சாயங்காலம் நாலரை மணிக்கு. மான்டெலின் கடிகாரம் நின்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.