விண்வெளிக் கதைகளும் சுவைஞர் உரைமரபும்

ஒரு நூலைக் கற்றோர் பலராகி, அவர்கள் தம்முள் அந்நூல் பற்றி வினவவும் விடையிறுக்கவும் தொடங்கும் இடத்தில் உரை பிறக்கின்றது. உரை என்பது பழைய இலக்கண இலக்கியங்களுக்கே உரியது என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆயின், இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தோன்றிய அறிவியற் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர்களும், சூப்பர் ஹீரோ எனப்படும் பேராற்றல் வீரர்களைப் பற்றிய திரைப்படங்களும் தத்தமக்கெனப் பரந்த உரைத்தொகுதிகளைப் பெற்றுள்ளன. அவ்வுரைகளைச் செய்தோரிற் பெரும்பாலார் அதனைத் தொழிலாகக் கொண்ட புலவர் அல்லர். மாணவர், எழுத்தர், நூலகர், இல்லத்தரசியர் எனப் பல திறத்தினர். கூலி பெற்று எழுதியவரும் அல்லர். இச்சுவைஞர் உரை எம்முறையில் இயங்குகின்றது, அதற்கு உரிமையும் எல்லையும் யாவை என்பனவற்றைச் சில சான்றுகள் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பொழுதுபோக்குப் படங்களைப் பற்றிய பேச்சையும் ஆராய வேண்டுமோ என்று முகஞ்சுளிப்பார் உளர். கற்கப்படும் பொருளின் உயர்வு தாழ்வு வேறு. கற்கும் முறையின் திட்பம் வேறு. ஈண்டு நாம் காண்பது பின்னதையே.

இம்மரபு திரையில் தொடங்கவில்லை. 1926ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் ஹியூகோ கெர்ன்ஸ்பாக் என்பவர் அமெரிக்காவில் ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ என்னும் அறிவியற் புனைகதை இதழைத் தொடங்கினார். அதில் வாசகர் மடல்கள், எழுதியவரின் முகவரியுடன் அச்சிடப்பட்டன. இச்சிறு பழக்கம் பெரிய விளைவைத் தந்தது. மடல் எழுதியோர் ஆசிரியரை விடுத்துத் தம்முள் நேரே எழுதிக்கொள்ளலாயினர். 1930இல் ‘தி காமெட்’ என்னும் கைப்படி இதழ் அவ்வாறு கூடியவர்களிடமிருந்தே வெளிவந்தது. அத்தகைய இதழ்களுக்கு ‘ஃபேன்சீன்’ என்னும் பெயர் 1940இல் வழங்கலாயிற்று. தொலைக்காட்சியில் ‘ஸ்டார் டிரெக்’ தொடர் 1966 செப்டம்பரில் தொடங்கியது. மறு ஆண்டிலேயே, அத்தொடரின் மாந்தருள் ஒருவனாகிய ஸ்போக்கின் பெயரால், ‘ஸ்போக்கனாலியா’ என்னும் சுவைஞர் இதழ் தோன்றியது. நாற்பது ஆண்டுகளாக அச்சுக் கதைகளின்மேற் பயின்ற கை, திரைக்கதையை எடுத்த எடுப்பில் ஆராயத் தொடங்கியதில் வியப்பில்லை.

இவ்வுரைகளில் அடிக்கடி வரும் சொல் ஒன்று உண்டு. ‘கேனன்’ என்பது அது. கிறித்தவ மறைநூலிற் சேர்த்தெண்ணத் தக்கவை எவை, தகாதவை எவை என வரையறுக்கும் சொல் அது. கதைத்தொடர் ஒன்றன்பால் அது வந்து சேர்ந்த வரலாறு சுவையானது. 1911இல் ஆக்சுபோர்டில் ரொனால்டு நாக்சு என்னும் இளைஞர் ஷெர்லாக் ஹோம்சு கதைகள் பற்றி ஒரு கட்டுரை படித்தார். மறைநூலை ஆராய்ந்த செருமானிய அறிஞரின் முறையை எள்ளி நகையாடுதலே அவர் கருத்து. ஆயினும் விளையாட்டாகக் காட்டிய முறையைப் பின்வந்தோர் மெய்யாகவே கைக்கொண்டனர். ஹோம்சின் நண்பராகிய மருத்துவர் வாட்சனுக்குப் போரிற்பட்ட காயம் 1887இல் வெளிவந்த கதையில் தோளில் உள்ளது. 1890இல் வெளிவந்ததில் காலில் உள்ளது. ஜான் என்னும் பெயருடைய அவரை, ஒரு கதையில் அவர் மனைவியே ஜேம்சு என்று அழைக்கின்றாள். வாட்சனின் பெயரில் இடைநிற்கும் ‘எச்’ என்னும் எழுத்து ‘ஹேமிஷ்’ என்பதன் முதலெழுத்தாகும் என்றும், ஹேமிஷ் என்பது ஜேம்சு என்பதன் ஸ்காத்லாந்து வடிவம் ஆதலின் மனைவி அழைத்தது பிழையன்று என்றும் துப்பறியும் கதையாசிரியராகிய டோரதி சேயர்சு அமைதி கூறினார். மூலத்தைத் திருத்தாமல் மூலத்தினுள்ளேயே அமைதி காணும் இக்கொள்கையே பின்வந்த சுவைஞர் உரை அனைத்துக்கும் அடிப்படை.

இக்கொள்கை எத்துணை நுட்பமாகவும், சிலவிடத்து எத்துணைப் பிடிவாதமாகவும் இயங்கும் என்பதற்கு ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். 1977இல் ஜார்ஜ் லூக்காசு இயற்றிய ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில், மதுக்கடை ஒன்றில் ஹான் சோலோ என்னும் கலமோட்டி, தன் கலத்தின் விரைவைப் புகழ்கின்றான். கெஸல் என்னும் வழியைப் பன்னிரண்டு பார்செக்கிற்குக் குறைவாகவே கடந்த கலம் அது என்பது அவன் கூற்றின் பொருள். பார்செக் என்பது வானநூலாரின் தொலைவளவு, ஏறத்தாழ 3.26 ஒளியாண்டு கொண்டது. காலத்தை அளக்க வேண்டிய இடத்தில் தொலைவளவு வந்தது எங்ஙனம்?

விடை மூன்று வகையாகப் பிரிந்தது. ஆசிரியர் பிழைபட்டார் என்றனர் முதல் திறத்தார். பார்செக் என்னும் சொல்லின் ஈறு நொடியைக் குறிப்பது போல ஒலிப்பதால் மயங்கினார் என்பது அவர் காட்டும் காரணம்; உண்மையில் அவ்வீறு கோண அளவாகிய விகலையைச் சுட்டுவதாகும். இரண்டாம் திறத்தார் சொல் பிழையன்று என்றனர். கெஸலை அடுத்துக் கருந்துளைகள் உள. விரைவு குறைந்த கலம் அவற்றின் ஈர்ப்புக்கு அஞ்சி வெகுதூரம் சுற்றிச் செல்லும். விரைவுடைய கலம் அருகே சென்று வழியைக் குறைக்கும். ஆகவே தொலைவு குறைந்தது என்பதே விரைவு மிகுந்தது என்பதற்குச் சான்றாம் என்பது அவர் உரை. கருந்துளைத் தொகுதி படத்தில் இல்லை. 1994இல் வெளிவந்த கெவின் ஆண்டர்சனின் நாவலில் அது இடம்பெற்றது. மூன்றாம் திறத்தார் ஆசிரியரையும் குறை கூறாமல், வழியையும் குறைக்காமல், இது யார் கூற்று என்று வினவினர். கடன்பட்டுப் பணத்துக்கு அலையும் ஒருவன், நாட்டுப்புறத்தாராகத் தோன்றும் இருவரிடம் பேசுகின்றான். அவன் சொல்வது வெற்றுப்பெருமை. கேட்கும் முதியவர் பென் கெனோபியின் முகக்குறிப்பும், படத்தின் எழுத்துப்படியில் அவ்விடத்தே தரப்பட்டுள்ள நடிப்புக் குறிப்பும் இதற்கு அரண் செய்கின்றன.

கூற்றைச் செய்யுள் உறுப்புகளுள் ஒன்றாக வைத்தெண்ணிய தொல்காப்பியத்தைப் பயின்ற நமக்கு இம்மூன்றாம் உரையே ஏற்புடையதாகத் தோன்றும். தலைவன் கூற்றையும் பரத்தை கூற்றையும் புலவன் கூற்றாகக் கொண்டு பொருள் காண்பார் நம்மிடை இலர். அகப்பாட்டுக்குரிய இவ்வளவைகளை விண்வெளிப் படத்தின்மேல் ஏற்றுவதன்று என் கருத்து. கூற்றுடையானை மறந்தால் எந்நாட்டு உரையாளனும் இடர்ப்படுவான் என்பதே.

இனி நிகழ்ந்தது நோக்கத்தக்கது. லூக்காஸ்பிலிம் நிறுவனம் 2012இல் டிஸ்னி நிறுவனத்துக்கு உரிமையாயிற்று. 2014 ஏப்பிரலில், அதுகாறும் வந்த நாவல்கள் முதலியன ‘லெஜன்ட்ஸ்’ என்னும் பெயரால் தனித்து நிறுத்தப்பட்டன. அவை கேனன் ஆகா என்று அறிவிக்கப்பட்டது. பல்லாண்டுகள் அந்நூல்களைக் கற்று, அவற்றுக்குக் கால வரிசையும் நிலப்படமும் வகுத்தோர்க்கு இஃது எத்தகைய இழப்பு என்பதை, பாடிய புலவன் பெயரையேனும் கைவிட மனமில்லாத நாம் உணர்தல் எளிது. ஆயினும் 2018இல் வெளிவந்த ‘சோலோ’ என்னும் படம், தள்ளப்பட்டவற்றினின்றே ஒன்றை மீட்டுக்கொண்டது. சோலோ ஆபத்தான குறுக்குவழியிற் சென்று தொலைவைக் குறைப்பதாக அப்படம் காட்டுகின்றது. உரை மூலமாயிற்று. இரண்டாம் திறத்தார் வென்றனர் எனப் பலர் மகிழ்ந்தனர். என் கருத்து அதுவன்று. உரிமையாளர் ஓர் உரையை ஏற்றுக்கொண்டமையால் அவ்வுரை முந்திய பனுவலுக்குச் சிறந்ததாகிவிடாது. 1977ஆம் ஆண்டுப் படத்தில் ஒரு பொய்யனின் பேச்சாக உயிர்ப்புடன் நின்ற சொல், 2018க்குப்பின் ஒரு கணக்கின் விடையாகிவிட்டது. சொல் காக்கப்பட்டது, மாந்தன் சற்றே குறைந்தான்.

ஸ்டார் டிரெக் தொடரில் வரும் கிளிங்கான் மக்களின் நெற்றி பற்றிய வழக்கும் இத்தகையதே. 1967இல் வழவழப்பாக இருந்த நெற்றி, 1979ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் எலும்பு மேடுகளுடன் தோன்றியது. ஒப்பனைக்குப் பொருள் மிகுந்தமையே காரணம் என அனைவரும் அறிவர். ஆயினும் 1996இல் ஒரு தொடர், பிற்காலக் கிளிங்கான் ஒருவனை முற்காலக் கிளிங்கானருக்கு இடையே நிறுத்தி, உடனிருந்தோர் வேறுபாட்டைக் கண்டு வினவுமாறும் அவன் விடை கூற மறுக்குமாறும் அமைத்து, ஒப்பனை என்னும் விடையை அடைத்துவிட்டது. 2005இல், மரபணுச் சோதனையினால் பரவிய நோயொன்று அவர் நெற்றியை மாற்றியது எனக் கதையாலேயே விடை தரப்பட்டது.

பேராற்றல் வீரர் கதைகளில் இவ்வாராய்ச்சி இன்னும் விளையாட்டுத் தன்மை உடையது. மார்வெல் நிறுவனத்தின் படக்கதை இதழ்களில் பிழை கண்டு, அது பிழையன்று எனவும் நிறுவும் வாசகருக்கு ‘பரிசன்மைப் பரிசு’ எனத்தக்க ஒன்றை ஸ்டான் லீ 1960களில் வழங்கினார். வந்து சேர்வது வெற்று உறை. அரசவைப் பரிசில்களைக் காட்டிலும் இது நேர்மையானது என்பேன். திரைப்படத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: 1978இல் வந்த ‘சூப்பர்மேன்’ படத்தில், காதலி இறந்தபின் வீரன் உலகைச் சுற்றிப் பறக்கின்றான், உலகு பின்னோக்கிச் சுழல்கின்றது, காலமும் மீள்கின்றது. உலகைத் திருப்பினால் காலம் திரும்புமோ என்னும் தடைக்கு, அவன் காலத்தினூடே பின்சென்றான், உலகின் பின்சுழற்சி அச்செலவின் தோற்றமே என விடை கூறுவர் ஒரு சாரார். இது நயமுடைய விடைதான். ஆனால் அவன் அடுத்து எதிர்த்திசையிற் பறந்து உலகை முன்போற் சுழலச் செய்யும் காட்சி அதற்கு இடந்தரவில்லை. உரை நயத்துக்காக ஒரு காட்சியைக் காணாதது போல் விடுதல் உரையாளர்க்கு அழகன்று.

இதுகாறும் கூறியன முறை பற்றியவை. உரிமை பற்றிய வினா கடினமானது. 1967-68இல் ஸ்டார் டிரெக் நிறுத்தப்படும் என்னும் பேச்சு எழுந்தபொழுது, பீஜோ டிரிம்பிள் முதலிய சுவைஞர் நாடெங்கும் மடல் எழுதத் தூண்டினர். 1968 மார்ச்சு முதல் நாள், தொடர் நீட்டிக்கப்படும் என என்.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பிலேயே அறிவித்தது. இது கற்போர் தம் நூலுக்காக முறையிட்ட செயல். அதில் இழுக்கொன்றும் இல்லை. 2017இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் நடித்த கெல்லி மேரி டிரான் என்னும் நடிகைக்கு நேர்ந்தது வேறு. இனத்தையும் பாலையும் பழித்துச் சமூக ஊடகத்தில் இடைவிடாது வந்த வசைகளால் அவர் 2018இல் தம் இன்ஸ்டாகிராம் பதிவுகளை நீக்கினார். அவ்வசையாளரும் தம்மைச் சுவைஞர் என்றே அழைத்துக்கொண்டனர். தாம் கற்ற கதையை அப்படம் கெடுத்துவிட்டது என்றே வாதிட்டனர். ஒரு பனுவலை ஆழக் கற்றவன் அதனை ‘என் நூல்’ என்பது இயல்பு. அச்சொல் அன்பைக் குறிக்கும்வரை உரை வளரும். உடைமையைக் குறிக்கும்பொழுது, பனுவலில் இருப்பது யாது என்னும் வினா மறைந்து, பனுவலில் இருக்கத் தகாதவர் யாவர் என்னும் வினா வந்துவிடுகின்றது. அதன்பின் நடைபெறுவது வழக்கேயன்றி உரையன்று. இவ்விரண்டையும் ஒரே பெயரால் வழங்கும் இன்றைய கட்டுரையாளர் பலர், சுவைஞர் அனைவரையும் ஒருங்கே பழிக்கின்றனர், அது நேரிதன்று.

உடைமையாளர் செய்யாததைச் சுவைஞர் செய்த வரலாறும் உண்டு. இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனம் 1963 நவம்பர் 23ஆம் நாள் ‘டாக்டர் ஹூ’ என்னும் தொடரைத் தொடங்கியது. 1969 வரை 253 பகுதிகள் ஒளிபரப்பாயின. ஒளிப்பேழை நாடா அந்நாளில் விலை மிகுந்தது. அழித்து மீண்டும் பதியத் தக்கது. மறு ஒளிபரப்புக்கு நடிகர் ஒப்பந்தங்கள் தடையாயிருந்தன. வீட்டில் வாங்கிக் காண்பார் வருவர் என்பது எவர்க்கும் தோன்றவில்லை. ஆதலின் நாடாக்கள் அழிக்கப்பட்டன; அயல்நாட்டு விற்பனைக்கென எடுத்த படச்சுருள்களும் உரிமைக்காலம் கழிந்தபின் எறியப்பட்டன. 2013 அக்டோபரில், நைசீரியாவிலிருந்து 9 பகுதிகள் மீட்கப்பட்டன என அறிவிக்கப்பட்டது. அதன்பின்னும் 97 பகுதிகள் கிட்டாதிருந்தன.

எனினும் அழிந்த பகுதி எதனுடைய ஒலியும் அழியவில்லை. ஒளிபரப்பு நிகழ்ந்தபொழுதே, சில இளைஞர் தத்தம் இல்லத்தில் ஒலிப்பதிவுக் கருவியைத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் வைத்தும், சிலர் பெட்டியோடு கம்பியால் இணைத்தும், பேச்சைப் பதிந்து வைத்திருந்தனர். காலங்காக்கும் பணி என்று கருதி அவர் அதனைச் செய்தாரல்லர். மீண்டும் கேட்க விரும்பினர்; பிறரோடு அதைப் பற்றிப் பேச விரும்பினர்; அவ்வளவே. வளையாபதியும் குண்டலகேசியும் உரைகாரரும் தொகுத்தோரும் எடுத்துக்காட்டிய சில பாட்டுகளாலேயே நமக்குக் கிடைத்துள்ளன என்பதை அறிந்த நாம், இவ்விளைஞரின் நாடாக்களை எளியன என்று கருத இயலாது. ஒருவர் பதிவில் தெளிவற்ற இடத்தை மற்றொருவர் பதிவு கொண்டு நிரப்பியதும் உண்டு. அது பாட ஒப்புநோக்கன்றி வேறென்ன?

அத்தொடரில் ‘தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்’ என்னும் கதை 1966 நவம்பர் 5 முதல் ஆறு வாரம் ஒளிபரப்பானது. தலைமை மாந்தனாகப் புதிய நடிகர் பேட்ரிக் டிரவுட்டன் தோன்றிய முதற் கதை அது. அதன் ஆறு பகுதிகளுள் ஒன்றும் முழுமையாக எஞ்சவில்லை. சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 2016 நவம்பர் 5 முதல், பி.பி.சி.யே அதனை அசைவோவியமாக வெளியிட்டது. வரைந்த உருவங்கள் புதியன. அவ்வுருவங்களின் வாயிலிருந்து வரும் குரல்கள், 1966ஆம் ஆண்டுச் சனிக்கிழமை மாலைகளில் வீட்டுக் கருவிகளில் பதிவானவை.