கித்துட் பாளையின் மதுரம்

போர்த்துக்கல் நாட்டின் வடபாகத்திலே, தோரு நதியின் இரு மருங்கிலும் கற்கட்டுகளாற் படிப்படியாகச் சமைக்கப்பட்ட மலைச்சரிவுகளில், ஒரே குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் பேணிவரும் திராட்சைத் தோட்டங்கள் பல உள்ளன. பழத்தைக் கொய்வதும், அதனைக் கற்றொட்டியிலிட்டுக் காலால் மிதிப்பதும், சாறு நுரைத்துப் பொங்கும் பருவத்தை இராப்பகலாகக் கண்காணிப்பதும், பின்னர் மரப் பீப்பாய்களில் அடைத்து ஆண்டுக்கணக்கிற் காத்திருப்பதுமே அக்குடும்பங்கள் தம் பிள்ளைகளுக்கு ஊட்டும் கல்வி. 1756ஆம் ஆண்டிலேயே அரசாணையால் எல்லை வகுக்கப்பெற்ற அப்பிரதேசத்தின் மது, போர்ட் என்னும் பெயரோடு உலகெங்கும் செல்கின்றது. 1505இல் இலங்கைக் கரையை அடைந்து, அந்நூற்றாண்டிலேயே சீதாவாக்கை மன்னரோடு ஓயாது பொருத போர்த்துக்கேயர், திராட்சைக் கொடியைச் சிவனொளிபாத மலையடிவாரத்தில் நட்டிருந்தாலும் பயன் கண்டிருக்கமாட்டார்கள். கொடி இலையுதிர்த்து உறங்குவதற்கு வேண்டிய குளிர்காலமும், கனி முதிர்வதற்கு வேண்டிய வறண்ட கோடையும் இங்கே இல்லை. ஆயினும் சீதாவாக்கை கங்கை அம்மலையிலிருந்து இறங்கிவரும் வழியிலுள்ள தெரணியகலையில், அதற்கு நிகரான குடும்பக் கலையொன்று திராட்சையின் உதவியின்றியே வளர்ந்திருக்கின்றது. அது கித்துட் பாளையைச் சீவும் கலை.

கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த தெரணியகலை, சிவனொளிபாத மலையின் மேற்குச் சாரலைச் சார்ந்து கிடப்பதால், தென்மேற்குப் பருவக்காற்று கொணரும் மழையின் பெரும்பங்கைத் தானே ஏற்றுக்கொள்ளும் ஊர். தேயிலையும் றப்பரும் மலைகளைப் பங்கிட்டுக்கொண்ட பின்பு எஞ்சிய ஓடைக்கரைகளிலும், வீட்டுத் தோட்டங்களின் ஓரங்களிலும், காட்டின் விளிம்புகளிலும் கித்துள் மரம் தனித்தனியே நிமிர்ந்து நிற்கின்றது. தமிழ்நாட்டார் கூந்தற்பனை என வழங்கும் மரம் இதுவே. இதன் ஓலை தென்னோலையைப் போல நீண்ட கீற்றுகளாகப் பிரியாமல், மீன்வால் வடிவுடைய சிற்றிலைகளாகப் பிரிந்து தொங்குவதால், தூரத்திலிருந்தே இனங்கண்டு கொள்ளலாம். இம்மரங்களிற் பலவற்றை எவரும் நட்டதில்லை. கனியைத் தின்று வித்தைக் கழிக்கும் மரநாயே பெரும்பாலும் இவற்றை நட்ட தோட்டக்காரன். அக்கனியின் சதையில் ஊசி போன்ற நுண்ணிய ஒட்சலேற்றுப் பளிங்குகள் இருப்பதால் மனிதர் கைக்கும் வாய்க்கும் அது பொறுக்கமுடியாத அரிப்பைத் தரும். மரநாய்க்கோ அது விருந்து.

கித்துளின் வாழ்க்கை முறையை அறிந்தாலன்றி அதன் இரசத்தின் இரகசியத்தை அறிய இயலாது. தென்னையும் பனையும் ஆண்டுதோறும் பூத்துக் காய்த்துக்கொண்டே நெடுங்காலம் வாழ்வன. கித்துளோ அவ்வாறன்று. பத்துப் பதினைந்து ஆண்டுகள் வரை பூவாமலே வளர்ந்து, தான் ஈட்டிய உணவையெல்லாம் தண்டின் சோற்றிலே மாவாகச் சேமித்து வைக்கும். பின்னர் உச்சியில் முதற் பாளையை ஈன்று, அதன் கீழே அடுத்ததும், அதற்கும் கீழே மற்றொன்றுமாக, மேலிருந்து கீழ்நோக்கிப் பாளைகளை வெளிப்படுத்தி, கடைசிப் பாளை முற்றியதும் மடிந்துபோகும். இத்தனை காலமும் காத்துவைத்த மாவே சர்க்கரையாக உருமாறிப் பூக்களை நோக்கி ஏறுகின்றது. ஏறுகின்ற அச்சர்க்கரையை வழியிலே மறித்துப் பெற்றுக்கொள்வதே சீவற்காரரின் தொழில். ஒரு மரம் தன் வாழ்நாளில் ஒரே முறை செலவிடும் செல்வத்தை அவர் கையேந்திப் பெறுகின்றார் என்பதை எண்ணும்போது, அக்கலையின் மீது எனக்கு மதிப்பு மிகுகின்றது.

பாளை விரியுமுன்னரே சீவற்காரர் மரத்தில் ஏறி, அதனை மூடிய மடல்களை நீக்கி, காம்பிலே சிறு வெட்டொன்று செய்து, அதற்குள் மருந்து வைத்துக் கட்டுவார். சாம்பல், உப்பு, சுண்ணாம்பு, மிளகு, உள்ளி முதலியன அம்மருந்தில் சேர்வது பலரும் அறிந்ததே. எதை எவ்வளவு, எந்தப் பக்குவத்தில் என்பது மட்டும் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும் இரகசியமாய், தந்தை மகனுக்கு மாத்திரம் காட்டுவதாய் இருக்கின்றது. தென்னம்பாளையைத் தட்டிப் பதப்படுத்துவர். கித்துட் பாளையைப் பதப்படுத்துவது இம்மருந்தே. சில நாட்கள் சென்றபின் நுனியைச் சீவி முட்டியைக் கட்டினால், காலையும் மாலையும் இரசம் கிடைக்கும். ஒவ்வொரு தடவையும் மெல்லிய சீவலொன்றை எடுத்தே ஆகவேண்டும். எடாவிடின் இரசக் குழாய்களின் வாய் அடைபட்டு ஊற்று நின்றுவிடும். தடித்துச் சீவினாலோ பாளை விரைவிற் குறைந்து மாதங்களின் வருமானம் வாரங்களில் முடிந்துவிடும். கத்தியை எவ்வளவு மெலிதாக இழுப்பது என்பதை நூலால் அறிய முடியாது.

இவ்விரசத்தின் புகழ் பழையது. 1660இற் சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்து, தப்பிச் சென்றபின் 1681இல் நூல் வெளியிட்ட இறொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், கித்துள் மரத்தையும் அதன் இன்னீரையும் விரிவாகப் பாராட்டியிருக்கிறார். சாதாரண மரமொன்று நாளொன்றுக்கு மூன்று நான்கு கலன் தரும் என்றும், அதைக் காய்ச்சிக் கபில நிறக் கட்டியாக்குவர் என்றும் அவர் குறித்துள்ளார். தெலிஜ்ஜ என்று அவர் கேட்டறிந்த பெயர் இன்றும் சிங்கள மக்கள் வாயில் அப்படியே வழங்குகின்றது.

இரசம் முட்டியில் விழுந்த கணத்திலிருந்தே மனிதனுக்கும் நுண்ணுயிருக்கும் போட்டி தொடங்கிவிடுகிறது. காற்றிலும் முட்டியிலும் பாளையிலும் வாழும் மதுவங்கள், இரசத்தின் சர்க்கரையை முதலில் இரண்டு எளிய சர்க்கரைகளாகப் பிளந்து, பின் அவற்றை மதுசாரமும் கரியமில வாயுவுமாக மாற்றும். அவற்றைத் தொடர்ந்து வரும் பற்றீரியாக்கள் புளிப்பைச் சேர்க்கும். போர்ட் மது செய்யும் போர்த்துக்கேயர் இதே போட்டியை எதிர்கொண்டு, சாற்றின் சர்க்கரையில் ஏறக்குறையப் பாதி மதுசாரமானதும் வடித்த திராட்சைச் சாராயத்தை ஊற்றி மதுவங்களை மாய்த்து, எஞ்சிய இனிமையைக் காத்துக்கொள்கின்றனர். தெரணியகலையின் சீவற்காரர் சாராயத்தை நாடுவதில்லை. முட்டியிலே ஹல் மரத்தின் பட்டைத் துண்டுகளை இடுகிறார். சிலர் சுண்ணாம்பு தடவுகிறார்கள். பட்டையின் துவர்ப்புப் பொருளும் சுண்ணாம்பின் காரத்தன்மையும் மதுவங்களின் பெருக்கத்தைத் தடுக்கும். மறுநாளளவும் பொறுக்குமாறு செய்தபின், மிஞ்சியதை அடுப்புத் தீ முடித்து வைக்கின்றது. தோரு நதிக்கரையில் சாராயத்தைக் கொண்டு கண்ட நியாயத்தை இம்மலைக் குடும்பங்கள் மரப்பட்டையைக் கொண்டே கண்டிருக்கின்றன என்று நான் துணிந்து சொல்வேன்.

காய்ச்சுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் பொறுப்பு. அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, விறகுத் தீயில் நுரையை அள்ளியெடுத்துக்கொண்டே நீரை வற்றச் செய்தால், ஏழெட்டுப் போத்தல் இரசம் ஒரு போத்தல் பாணியாகச் சுருங்கும். மேலும் வற்றவைத்துக் கடைந்து சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டியாக இறுகும். சிறிதேனும் புளித்துவிட்ட இரசத்திலே கருப்பட்டி செவ்வையாகக் கட்டிப்படாது. பிளவுண்ட சர்க்கரை பளிங்காக உறைவதைத் தடுக்கிறது என்பதே காரணம். ஆகையாற்றான் பட்டையிலும் முட்டியின் சுத்தத்திலும் அவ்வளவு கண்டிப்பு.

பட்டையிடாமல் விட்ட இரசம் அன்றைக்கே கள்ளாகிவிடும். திராட்சை மது ஆண்டுகளாற் சிறப்படைய, கித்துட் கள்ளோ மணிக்கணக்கில் வாழ்ந்து மறுநாள் காடியை நோக்கிச் செல்லும். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் கள்ளை மதுவரித் திணைக்களத்தின் கண்காணிப்பில் வைத்தபின், மரமேறும் குடியானவனுக்குச் சட்டத்தின் அச்சமும் நெடுங்காலம் சேர்ந்தே இருந்துவந்தது.

பூக்காமல் வெட்டப்பட்ட மரத்தின் சோற்றை இடித்து எடுக்கும் கித்துள் மா கஞ்சிக்கும் களிக்கும் ஆகும். மடலடியின் கரிய நார் தூரிகைக்கும் கயிற்றுக்கும் ஆகும். ஆயினும் இவற்றின் பெருமை பாணியின் பெருமைக்குப் பின்னேதான்.

அப்பெருமைக்கே இன்று ஆபத்து நேர்ந்திருக்கின்றது. உயர்ந்த மரத்தில் கொடியையும் கட்டுக்கம்பையும் நம்பி நாளுக்கு இருமுறை ஏறுவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. இளைஞர் அதைவிட்டு விலகுவதை நாம் குறை கூறலாகாது. சந்தையிலோ கரும்புச் சீனியைக் கரைத்துக் காய்ச்சிய பாணி, கித்துட் பாணியின் பெயரைச் சூடிக் குறைந்த விலைக்கு விற்பனையாகின்றது. அதனோடு போட்டியிட உண்மையான சீவற்காரரால் முடியாது. இன்னொன்றையும் சொல்லவேண்டும்: நீரிழிவு நோயாளர் கித்துட் பாணியை அச்சமின்றி உண்ணலாம் என்னும் விளம்பரத்தை நம்ப வேண்டாம், அதுவும் பெரும்பாலும் சர்க்கரையே.

தெரணியகலைப் பக்கம் செல்லும் வாசகர்கள், வீதியோரக் கடையிற் போத்தலை எடுக்குமுன், எந்த ஊரில், யார் வீட்டில் காய்ச்சியது என்று கேளுங்கள். மறுமொழி தெளிவாக வருமிடத்தில் பேரம் பேசாது வாங்குங்கள். தோட்டத்து ஓரத்தில் இடமுள்ளவர்கள் இவ்வாண்டே ஒரு கித்துட் கன்றை நட்டுவையுங்கள். அதன் முதற் பாளையைக் காணப் பத்தாண்டுக்கு மேல் ஆகும்.