செவ்வாய் மண்ணுக்கு எத்தனை பூட்டு?

1969 ஜூலை 24. பசிபிக் கடலில் மிதந்த அப்பல்லோ 11 கலத்தின் கதவைத் திறந்து, தனிமைப்படுத்தும் உடைகளை உள்ளே வீசினார் மீட்புக் குழுவின் நீச்சல் வீரர். அவற்றை அணிந்து வெளியே வந்த விண்வெளி வீரர்களைக் கிருமிநாசினியால் துடைத்துவிட்டார்கள். நிலவை விட்டுக் கிளம்பியதிலிருந்து 21 நாள் கணக்கிட்டுத் தனிமையில் வைத்தார்கள். ஹூஸ்டன் ஆய்வகத்தில் எலிகளுக்கு நிலாத்தூசியை ஊசி வழியே ஏற்றிப் பார்த்தார்கள், கரப்பான்பூச்சிக்குக்கூடக் கொடுத்தார்கள். எதற்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால், கலத்துக்குள் ஒட்டியிருந்த தூசி, கதவு திறந்தபோதே கடற்காற்றில் கலக்க வழி கிடைத்துவிட்டது. ஆட்களோடு கலத்தை அப்படியே கப்பலுக்குத் தூக்கிவிடலாம் என்ற யோசனையும் இருந்தது. வீரர்களின் பாதுகாப்பைக் கருதிக் கைவிட்டார்கள். நிலவில் உயிர் இல்லை என்பதால் பிழைத்தோம்.

செவ்வாயில் அப்படி நம்பி இறங்க முடியாது. ஒரு காலத்தில் அங்கே நீர் ஓடியது. பிற கோள்களின் பொருளால் பூமிக்குத் தீங்கு நேரக் கூடாது என்கிறது 1967 விண்வெளி ஒப்பந்தம். செவ்வாய் மண்ணைப் பூமிக்குக் கொண்டுவர நாசாவும் ஐரோப்பிய விண்வெளி முகமையும் வகுத்த திட்டத்தின் அடிப்படை இதுதான்: செவ்வாயைத் தொட்ட எதுவும் மூடப்படாமல் பூமிக்கு வரக் கூடாது. மாதிரிக் குழாய்கள் உள்ள கலனை விண்வெளியிலேயே உறைக்குள் உறையாக அடைக்க வேண்டும். அதைச் சுமந்து வரும் கூடுக்குப் பாராசூட்கூட இல்லை. பாராசூட் விரியாமல் போகலாம் அல்லவா? அதனால், நேராகத் தரையில் மோதினாலும் உடையாதபடி கூட்டை வடிவமைத்தார்கள்.

தரைக்கு வந்த பிறகுதான் பெரிய சிக்கல். கிருமி வெளியேறாதிருக்க ஆய்வகத்தின் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். நம் கிருமி மாதிரியில் புகாதிருக்க அதிகமாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே அறையில் நடக்காது. சுவருக்குள் சுவர் எழுப்பித்தான் சமாளிக்க முடியும். ரியுகு குறுங்கோளிலிருந்து ஜப்பான் கொண்டுவந்த துகள் ஒன்றில் பூமியின் நுண்ணுயிர்கள் குடியேறியிருந்ததை 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. நாளை செவ்வாய்ப் பாறையில் இதுவே நடந்தால், கிடைத்தது அங்குள்ள உயிரா நம்முடையதா என்ற வழக்கு தீரவே தீராது.

செலவு எகிறியதால் நாசாவின் திட்டம் தடுமாறிப்போனது. சீனாவோ செவ்வாய் மண்ணை எடுத்துவர தியான்வென்-3 கலத்தை 2028 வாக்கில் ஏவத் திட்டமிட்டிருக்கிறது. மண்ணை யார் முதலில் கொண்டுவந்தாலும் சரி, ராக்கெட் கிளம்பும் முன்பே ஆய்வகம் எழுந்து, அதில் வேலை செய்வோர் பழகியிருக்க வேண்டும். அவசரத்தில் இந்த ஆய்வகச் செலவில் கைவைக்க எந்த நாட்டையும் மற்ற நாடுகள் அனுமதிக்கக் கூடாது.