காணிப் படத்தின் அளவுத்திட்டம்

விதைநெல்லும் பசளையும் ஏக்கர்க் கணக்கிலேயே இடப்படுகின்றன. அக்கணக்குத் தவறினால் செலவு வீணாகும், விளைவும் குன்றும். முழுக் காணியின் விஸ்தீரணம் காணிப் படத்தில் எழுதப்பட்டிருக்கும். ஆயின் அதில் ஒரு பகுதியை மட்டும் விதைப்பவரும் குத்தகைக்கு எடுப்பவரும் அப்பகுதியின் பரப்பைத் தாமே கணித்தறிதல் வேண்டும். அதற்கு முதலில் அறியவேண்டியது படத்தின் அளவுத்திட்டமாகும்.

அளவுத்திட்டம் என்றால் என்ன?

நிலத்தின் நீளம் படத்தில் எத்தனை மடங்கு சுருக்கி வரையப்பட்டுள்ளது என்பதைக் காட்டுவதே அளவுத்திட்டம். பழைய படங்களில் “ஓர் அங்குலத்துக்கு 4 சங்கிலி” என்பது போல எழுதப்பட்டிருக்கும். ஒரு சங்கிலி 66 அடியாகும். 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கராகும். மீற்றர் முறைப் படங்களில் 1:1000 என்பது போலக் காணப்படும். இதன்படி படத்திலுள்ள 1 சதமமீற்றர் நிலத்தில் 10 மீற்றராகும்.

கணிக்கும் முறை

ஓர் அங்குலத்துக்கு 4 சங்கிலியான படத்தில், நீள்சதுர வயலொன்று 2 அங்குல நீளமும் 1½ அங்குல அகலமும் உடையதெனக் கொள்வோம். நிலத்தில் அதன் நீளம் 8 சங்கிலி, அகலம் 6 சங்கிலி. பரப்பு 48 சதுரச் சங்கிலி, அதாவது 4.8 ஏக்கர். ஏக்கருக்கு 2 புசல் வீதம் விதைப்பவருக்கு 9.6 புசல் விதைநெல் தேவை.

வயல் கோணலாயின் அதனை முக்கோணங்களாகப் பிரிக்க. ஒவ்வொன்றின் அடியையும் உயரத்தையும் பெருக்கி, அதிற் பாதியை எடுத்துக் கூட்டுக.

நிழற்பிரதியில் அவதானம்

பலரிடம் இருப்பது மூலப் படமன்று, நிழற்பிரதியே. ஏ4 தாளிலுள்ள படத்தை ஏ3 தாளுக்குப் பெருப்பித்தால் நீளம் ஏறக்குறைய 1.4 மடங்காகும், பரப்போ இரு மடங்காகும். ஆனால் அதில் எழுதப்பட்ட அளவுத்திட்டம் மாறாது நிற்கும். அதனை நம்பிக் கணித்தால் மேற்கூறிய 4.8 ஏக்கர் வயல் 9.6 ஏக்கராகத் தோன்றும். விதையும் பசளையும் குத்தகைப் பணமும் இரட்டிக்கும். படத்தின் கீழ் அளவுக்கோடு வரையப்பட்டிருந்தால் அது படத்துடன் சேர்ந்தே பெருகும். ஆகையால் அதனைக் கொண்டு அளத்தல் நன்று.

அளவுக்கோடு இல்லையெனில், வயலின் நேரான வரம்பொன்றை நாடாவால் அளந்து படத்துடன் ஒப்பிடுக. இரண்டும் பொருந்தினால் மட்டுமே கணக்கைத் தொடர்க.

இம்முறை பயிர்ச்செய்கைக் கணக்குக்கே போதுமானது. எல்லைப் பிணக்குகளுக்கு உரிமம் பெற்ற நில அளவையாளரையே நாடுதல் வேண்டும்.