காட்சி கோப்புக்குள்ளேதான் இருக்கிறது

கோவிட் பரவலைத் தடுக்க 2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது; பள்ளிகள் மூடப்பட்டன. பேராக் மாநிலத்தில் மட்டும் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல ரப்பர் தோட்டங்களில் பிறந்தவை. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்த பிறகும், தோட்டத்து மக்கள் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த பிறகும், பழைய தோட்டத்தின் பெயரையே சுமந்து நிற்பவை. இல்லிருப்புக் கற்றல் தொடங்கியதும் ஆசிரியர்கள் மடிக்கணினித் திரையில் பாடத்தை ஓடவிட்டு, குரலோடு பதிவு செய்து, புலனத்தில் அனுப்பப் பழகினார்கள். கூடவே ஒரு புதிய புகாரும் பழகிப்போனது: “டீச்சர், காணொளி திறக்கல.”

வினோதம் என்னவென்றால், அதே கோப்பு வேறொரு செயலியில் அழகாக ஓடும். ஓரிடத்தில் குரல் மட்டும் கேட்கும், படம் கறுப்பாக இருக்கும். இன்னோரிடத்தில் படம் வரும், குரல் பின்தங்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது கெட்டிருக்காது. காட்சி உள்ளே பத்திரமாக இருக்கும். அதை எப்படி வாசிப்பது என்பதில்தான் எழுதிய மென்பொருளுக்கும் திறக்கும் மென்பொருளுக்கும் உடன்பாடு இல்லை.

முதலில், ஒரு பாடம் கோப்புக்குள் அடங்குவதே எவ்வளவு பெரிய வித்தை என்று பார்ப்போம். முழு எச்டி திரையில் 2,073,600 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் என்றால் ஒரு படத்துக்கு 6.2 எம்பி. நொடிக்கு 30 படம் வீதம் 40 நிமிடப் பாடத்துக்கு ஏறத்தாழ 448 ஜிபி. 500 ஜிபி வட்டுள்ள மடிக்கணினியை ஒரே பாடம் கிட்டத்தட்ட நிரப்பிவிடும். ஆனால் நம் கைக்கு வருவது 400 எம்பி கோப்பு, சில சமயம் அதிலும் குறைவு. ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை, பாடமோ முழுதாக இருக்கிறது.

இந்தச் சுருக்கத்தைச் செய்யும் கணக்குமுறைக்குக் கோடெக் என்று பெயர். அதன் வேர் 1974 ஜனவரியில் ஐஇஇஇ ஆய்விதழ் ஒன்றில் வந்த நான்கு பக்கக் கட்டுரை. எழுதியவர்கள் மூவர்: பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அவருடைய மாணவர் டி. நடராஜன், மெட்ராஸ் பல்கலைக்கழகப் பட்டதாரி கே. ஆர். ராவ். 1972இல் இந்த யோசனைக்கு அகமது அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. நிதி இல்லாமலே செய்து முடித்தார்கள். படத்தைச் சிறு சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் புள்ளிகளின் பட்டியலாக அல்லாமல், மெல்லிய அலைகளும் நெருக்கமான அலைகளும் கலந்த கலவையாக எழுதுவதுதான் அவர்களுடைய முறை. கொசைன் உருமாற்றம் என்பார்கள். வானம், சுவர், முகம் போன்றவற்றில் நெருக்கமான அலைகள் ஏறக்குறைய பூஜ்யம். பூஜ்யத்தை எழுத இடம் வேண்டாம். திரைப்பதிவுதான் இதற்குச் சோதனை. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு ‘ணி’ ஒன்றின் சுழி எவ்வளவு கூர்மையோ, அவ்வளவு நெருக்கமான அலைகள் அதற்குத் தேவை. சுருக்கம் மிகுந்தால் முதலில் கலங்குவது எழுத்தின் ஓரம்.

2003இல் வெளிவந்த எச்.264 கோடெக் இதில் ஒரு நுட்பமான திருத்தம் செய்தது. கொசைன் எண்கள் முடிவில்லாத தசமங்கள். ஒவ்வொரு கணினியும் அவற்றை ஒவ்வொரு விதமாக முழுமையாக்கும். படத்துக்குப் படம் அந்தத் துளி வேறுபாடு சேர்ந்து காட்சியையே திரித்துவிடும். எச்.264 தசமங்களைக் கைவிட்டு முழு எண்களாலேயே அலைகளைக் கட்டியது. ஈப்போவில் சுருக்கிய படத்தைத் தைப்பிங்கில் எந்தக் கருவி விரித்தாலும் கடைசிப் புள்ளிவரை ஒன்றாகவே இருக்கும்.

கோடெக்கால் சுருங்கிய படமும் குரலும் ஒரு பெட்டிக்குள் போகின்றன. இதைப் பொதிகலன் எனலாம். எம்பி4, எம்கேவி எல்லாம் பெட்டியின் பெயர்கள்தான். உள்ளே இருப்பது எந்தக் கோடெக் என்று பெட்டியின் பெயர் சொல்லாது. பெட்டி எம்பி4ஆக இருக்கும், உள்ளே எச்.265 என்ற கோடெக் இருக்கும். விண்டோஸ் கணினிகள் பலவற்றில் அதை விரிக்கும் பகுதியைத் தனியாகப் பெற வேண்டும். குரல் வந்து படம் வராததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1996இல் பாரிஸ் மாணவர்களின் திட்டமாகத் தொடங்கிய விஎல்சி, தனக்கு வேண்டிய கோடெக்குகளைத் தானே சுமந்து வருகிறது. அதனால்தான் அதில் மட்டும் ஓடுகிறது. கோடெக் சரியாக இருந்து பெட்டி மட்டும் ஒத்துவரவில்லை என்றால் வைத்தியம் இன்னும் சுலபம்: எஃப்எஃப்எம்பெக் போன்ற இலவச மென்பொருளில் படத்தைத் தொடாமல் பெட்டியை மட்டும் மாற்றலாம். மறுபொதிதல் என்பது இதுதான். 40 நிமிடப் பாடம் சில நொடிகளில் முடிந்துவிடும், தரம் இம்மியும் குறையாது.

இனி, பதிவு பாதியில் அறுந்துபோகும் சிக்கல். அதற்கு மழைக்கு வருவோம். பேராக்கில் பிற்பகல் இடி புதிதல்ல. மலேசியாவிலேயே அதிக மழை காணும் ஊர்களில் ஒன்று தைப்பிங். சுங்கை சிப்புட்டில் ஓர் ஆசிரியை பதிவு செய்துகொண்டிருக்கிறார், முப்பத்தெட்டாவது நிமிடத்தில் மின்சாரம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டில் 380 எம்பி கோப்பு இருக்கிறது. எந்தச் செயலியும் திறக்க மறுக்கிறது. ஏன்?

எம்பி4 கோப்பின் உள்ளே பார்த்தால் நான்கெழுத்துப் பெயருள்ள சிப்பங்கள் வரிசையாக இருக்கும். ‘எம்டாட்’ என்ற சிப்பத்தில் படமும் குரலும். ‘மூவ்’ என்ற சிப்பத்தில் அட்டவணை: எந்தப் படம் எங்கே தொடங்குகிறது, எத்தனை பைட், எவ்வளவு நேரம் காட்ட வேண்டும். பழைய தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் வாளியும் நிறுக்கப்பட்டு ஒரே தொட்டியில் ஊற்றப்படும். யாருடையது எவ்வளவு என்பது கணக்கெழுதும் கிராணியின் புத்தகத்தில்தான் இருக்கும். ‘மூவ்’ அந்தப் புத்தகம். எத்தனை படம் என்பது பதிவு முடியும்வரை தெரியாது. ஆகவே பெரும்பாலான மென்பொருள்கள் அதைக் கடைசியில்தான் எழுதுகின்றன. இந்தப் பாடத்துக்குப் புத்தகத்தின் மொத்த எடை ஓரிரு எம்பிதான். அது இல்லாததால் 380 எம்பியும் ஊமையாகிவிடுகிறது.

இதையும் மீட்கலாம், மீட்கும் விதம்தான் எனக்கு மிகப் பிடித்தது. ‘அன்ட்ரங்க்’ என்ற இலவசக் கருவி, அதே கணினியில் அதே அமைப்போடு பதிவான, நல்ல நிலையில் உள்ள இன்னொரு கோப்பைக் கேட்கும். கோடெக்கின் அடிப்படை அமைப்பை அதிலிருந்து கற்றுக்கொள்ளும். பிறகு சேதமான ‘எம்டாட்’டுக்குள் நடக்கத் தொடங்கும். எச்.264 படத்துண்டு ஒவ்வொன்றின் முன்னும் அதன் நீளம் எழுதப்பட்டிருப்பதால் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவலாம். இடையில் வரும் குரல் துண்டுகளுக்கு அப்படி நீளம் எழுதியிருக்காது. அவற்றின் சாயலைப் பார்த்து ஊகிக்க வேண்டும். இப்படித் தாவித் தாவியே அட்டவணை முழுவதையும் புதிதாக எழுதிவிடும். எனவே, திறக்காத கோப்பை அழிக்காதீர்கள். அடுத்ததாகச் செய்ய வேண்டியது, அமைப்பு எதையும் மாற்றாமல் ஒரு நிமிடம் புதிதாகப் பதிவு செய்து வைத்துக்கொள்வது. திரைப்பதிவுக்குப் பலரும் பயன்படுத்தும் ஓபிஎஸ், அட்டவணையைத் துண்டு துண்டாக வழியிலேயே எழுதிச் செல்லும் எம்பி4 முறையைக் கொண்டுவந்தது. இடி விழுந்தால் கடைசிச் சில நொடிகள்தான் போகும்.

நிறத்தில் ஒரு சிக்கல் உண்டு. கண் வெளிச்சத்தைக் கூர்ந்து பார்க்கும், நிறத்தை அவ்வளவாகப் பார்க்காது. எனவே வழக்கமான காணொளியில் நான்கு புள்ளிகளுக்கு ஒரே நிறத்தகவல்தான். சிவப்பு எழுத்து கலங்காமல் இருக்கட்டும் என்று சில பதிவுகள் எல்லாப் புள்ளிக்கும் நிறத்தை வைத்துக்கொள்ளும். பல கைப்பேசிகளின் சில்லுகளுக்கு அதை விரிக்கத் தெரியாது. மறுபடி சுருக்குவது தவிர வழியில்லை.

கடைசியாகக் குரல் பின்தங்கும் சிக்கல். திரைப்பதிவில் பாதி நேரம் எதுவும் அசைவதில்லை. கைப்பேசியின் பதிவுச் செயலி சாமர்த்தியமாக, திரை மாறும்போது மட்டும் படம் எடுக்கும். ஒரு படம் 33 மில்லிநொடி நிற்கும், அடுத்தது இரண்டு நொடி நிற்கும். ஓட்டும் செயலி அட்டவணையைப் பார்த்து அப்படியே காட்டிவிடும். வெட்டி ஒட்டும் மென்பொருள்கள் பல சீரான தாளத்தை எதிர்பார்ப்பவை. சராசரி 29.6 படமாக இருக்கும் பதிவை 30 என்று எடுத்துக்கொண்டால், 40 நிமிடத்தின் முடிவில் படமும் குரலும் 32 நொடி விலகியிருக்கும். ஹேண்ட்பிரேக் மென்பொருளில் ‘நிலையான படவேகம்’ என்பதைத் தேர்ந்தால், விடுபட்ட இடங்களில் முந்தைய படத்தையே மறுபடி வைத்துத் தாளத்தைச் சீராக்கும். கோப்பு பெருத்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஒரு முழு எச்டி படம் எச்.264இல் 8,160 கட்டங்கள். ‘எல்லாக் கட்டமும் முன்புபோலவே’ என்று சொல்ல அதற்குச் சில பத்து பைட் போதும்.