நைட்ரிக் அமிலமும் நம் நெல்வயலும்

ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்றவர் எவரும் காற்றின் வேகத்தை அறிவர். அக்காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். பயிருக்கு வேண்டிய தழைச்சத்தின் மூலப்பொருள் அதுவே. ஆயினும் நெற்பயிர் அதனை நேரே உட்கொள்ள இயலாது. ஆகவே ஆலைகள் அதனை உரமாக்கித் தருகின்றன. அவ்வுரங்களுள் ஒருவகை நைட்ரிக் அமிலத்தின் வழியே பிறப்பது. அதன் தயாரிப்பை அறிந்தால், அவ்வுரத்தை எங்கே இடலாம், எங்கே இடலாகாது என்பதும் விளங்கும்.

முதலில், காற்றிலுள்ள நைட்ரஜனை மிகுந்த அழுத்தத்தில் ஹைட்ரஜனுடன் சேர்த்து அம்மோனியா செய்கிறார்கள். பஞ்சாபில் 1961இல் தொடங்கிய நங்கல் உர ஆலை, பக்ரா அணையின் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து அந்த ஹைட்ரஜனைப் பெற்றது.

அடுத்தது, ஆஸ்ட்வால்டு என்னும் விஞ்ஞானி 1902இல் காப்புரிமை பெற்ற முறை. ஒரு பங்கு அம்மோனியாவை ஒன்பது பங்கு காற்றுடன் கலந்து, பிளாட்டினமும் ரோடியமும் சேர்ந்த மெல்லிய கம்பிவலையின் ஊடே செலுத்துவர். 850 முதல் 900 டிகிரி வெப்பத்தில் வலை தணல்போல் ஒளிரும். இமைப்பொழுதிலும் குறைந்த நேரத்தில் அம்மோனியா பிராணவாயுவுடன் கூடி நைட்ரிக் ஆக்ஸைடு ஆகிறது. குளிர்வித்தால் அது மேலும் பிராணவாயுவை ஏற்றுச் செம்பழுப்பு நிற வாயுவாக மாறும். உயர்ந்த கோபுரங்களில் மேலிருந்து இறங்கும் தண்ணீர் இவ்வாயுவை உறிஞ்சிட, நைட்ரிக் அமிலம் கிடைக்கிறது.

இவ்வமிலத்தை மீண்டும் அம்மோனியாவுடன் சேர்த்துச் சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்தால் கால்சியம் அம்மோனியம் நைட்ரேட் ஆகும். நங்கலில் செய்த உரம் இதுவே. இதன் தழைச்சத்தில் பாதி அம்மோனியா வடிவம். பாதி நைட்ரேட் வடிவம்.

உழவர்கள் கருத்தில் கொள்ளவேண்டியது இங்கேதான். அம்மோனியாவை மண் பற்றிக்கொள்ளும், நைட்ரேட்டைப் பற்றாது. நீர் தேங்கிய வயலில் நைட்ரேட் நீரோடு கீழே இறங்கிவிடும். எஞ்சியதைச் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் சிதைத்து, மீண்டும் நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றும். உழவர் கொடுத்த பணமும் அதனுடன் காற்றிலே போகும்!

எனவே, கன்னிப்பூவாயினும் கும்பப்பூவாயினும் நெல்லுக்கு அம்மோனியம் சல்பேட்டையோ யூரியாவையோ பல தவணைகளாகப் பிரித்து இடுவதே சிக்கனம். நைட்ரேட் உரம் நீர் தேங்காத விளைகளில் வாழைக்கும் மரச்சீனிக்கும் ஏற்றது. மூட்டையின்மேல் தழைச்சத்தின் வடிவம் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படித்த பின்னரே வாங்குக. பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனைக் கிராமக் கூட்டங்களில் எடுத்துரைப்பார்களாக. அரிதின் முயன்று காற்றிலிருந்து பிடித்த செல்வத்தை, நாம் அறியாமையால் மீண்டும் காற்றுக்கே கொடுத்தல் தகாது.