கடலின் அழுக்கைக் காட்டிக்கொடுக்கும் ஒளி

2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவின் ஒரு பகுதி பச்சையாக மாறியது. பாம்பன், மண்டபம் பக்கத்துக் கரைகளில் மீன்கள் செத்து ஒதுங்கின. நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் கட்டுக்கடங்காமல் பெருகியதே காரணம். இந்தப் பச்சைப் படலத்தை மீனவர்கள் பூங்கோரை என்கிறார்கள். இந்த உயிர்கள் மடிந்து அழுகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. சிங்கில், குருசடை, பூமரிச்சான் தீவுகளைச் சுற்றி அது லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியதைத் தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் பதிவு செய்தார்கள். அங்கே பவளங்களும் மடிந்தன.

தண்ணீரின் நிறம் மாறியது கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதற்குள் பெருக்கம் முற்றிவிடுகிறது. அதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியுமா என்பது இதே வளைகுடாக் கரையிலுள்ள கீழக்கரைக்காரர்களுக்கு முக்கியமான கேள்வி. அப்பா தீவு, தலையாரித் தீவு, வாலைத் தீவு, முல்லித் தீவு எல்லாம் இந்த ஊரின் பெயரால் வகுக்கப்பட்ட தீவுக் கூட்டத்தில் இருப்பவை. கரைக்கும் இவற்றுக்கும் நடுவே ஆழம் குறைந்த கடலும், அதில் கடற்புல்லும் பவளமும் உண்டு. மீன்பிடிப் படகும், பாசி எடுக்கும் பெண்களின் கூலியும் இந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன.

பாட்டிலில் தண்ணீர் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது நம்பகமான வழி. ஆனால் ஒரு பாட்டில் ஓரிடத்தின் ஒரு நேரத்து நிலையை மட்டுமே சொல்லும். செயற்கைக்கோள் பரந்த கடலை ஒரே பார்வையில் பார்த்துவிடும். ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் அப்படித்தான் பாசிப் பெருக்கத்தைக் கண்காணிக்கிறது. மேகம் மூடினால் அந்தக் கண்ணும் மூடிக்கொள்ளும். கரையோரத்தில் கலங்கலும் கடலடி மணலின் நிறமும் சேர்ந்து கணக்கைக் குழப்பும். இந்த இடைவெளியை நிரப்ப வருவது லேசர்.

விமானத்திலிருந்தோ படகிலிருந்தோ லேசர் ஒளியைத் துடிப்புத் துடிப்பாகக் கடல்மேல் அடிக்கிறார்கள். ஒரு துடிப்பின் நீளம் சில நானோ விநாடி. 300 மீட்டர் உயரத்திலிருந்து கிளம்பிய ஒளி கடலைத் தொட்டுத் திரும்ப 2 மைக்ரோ விநாடி போதும். நீருக்குள் அது நானோ விநாடிக்குச் சுமார் 22 சென்டிமீட்டர் போகும். எனவே, எவ்வளவு தாமதித்துத் திரும்புகிறது என்று பார்த்தால் எந்த ஆழத்திலிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும்.

திரும்பும் ஒளியின் நிறம் இன்னும் அதிகம் சொல்லும். பல பொருள்கள் புறஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு வேறு நிறத்தில் ஒளிரும். பாசியின் பச்சையம் 685 நானோமீட்டரில் ஆழ்ந்த சிவப்பாக ஒளிரும். அழுகிய இலைதழைகள் நீரில் கரைந்தால் நீலம். சலவைத் தூளில் துணி வெளுப்பாகத் தெரியச் சேர்க்கும் பொருளும் நீலமாக ஒளிரும். வீட்டுச் சாக்கடை கடலில் கலக்கும் இடத்தைத் தேடுகிறவர்களுக்கு அது ஒரு துப்பு.

ஆனால் ஒரு சிக்கல். சிவப்பு ஒளி குறைவாக வந்தால், பாசி குறைவு என்று கொள்வதா? தண்ணீர் கலங்கியிருந்ததால் லேசர் உள்ளே போகவில்லை என்று கொள்வதா? விமானம் சற்று உயரத்தில் பறந்தாலும் ஒளி குறையுமே!

விடை 1921-இல் தொடங்குகிறது. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பிய சி.வி. ராமன், மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கவனித்தார். அது வானத்தின் பிரதிபலிப்பு என்றே அன்று பெரிதும் நம்பினார்கள். கையிலிருந்த நிக்கோல் பட்டகத்தால் மேற்பரப்புப் பிரதிபலிப்பை மறைத்துப் பார்த்தார், நீலம் மறையவில்லை. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று எழுதினார். அந்தத் தேடல் 1928 பிப்ரவரி 28 வரை நீண்டது. வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து, சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வருவதைக் கண்டார். அதுவே ராமன் விளைவு.

தண்ணீர் தன் பங்குக்கு ஒளியின் ஆற்றலை எப்போதும் ஒரே அளவு குறைத்து நிறத்தை மாற்றுகிறது. 355 நானோமீட்டர் புறஊதாக் கதிரை அனுப்பினால் சுமார் 404-இல் ஊதாவாகத் திருப்பும். 532-இன் பச்சை ஒளியை அனுப்பினால் சுமார் 650-இல் சிவப்பாகத் திருப்பும். கலங்கல் கூடினாலும் விமானம் உயர்ந்தாலும் பாசியின் ஒளியோடு நீர் திருப்பும் இந்த ராமன் ஒளியும் குறையும். ஆக, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் குழப்பம் பெருமளவு நீங்கும். இந்த அளவீட்டுக்கான எடைக்கல்லைக் கடலே தந்துவிடுகிறது. 1981-இல் அமெரிக்காவில் பிரிஸ்டோ குழுவினர் இந்தத் திருத்தத்தை விளக்கி எழுதினார்கள். நீரில் ஒளிரும் பொருள்களின் அளவை 'ராமன் அலகு' என்று குறிக்கும் வழக்கம் இன்றும் உண்டு.

எண்ணெய்க் கசிவில் இதே ஒளி வேறு விதமாக உதவுகிறது. எண்ணெய்ப் படலம் லேசரை உறிஞ்சிவிடுவதால் அடியிலுள்ள நீரின் ராமன் ஒளி மங்கும். எவ்வளவு மங்கியது என்பதிலிருந்து, மைக்ரான் கணக்கிலுள்ள மெல்லிய படலத்தின் தடிமனைக் கணிக்கலாம். லேசான எண்ணெய் நீலத்தை ஒட்டிப் பளிச்சென்று ஒளிரும். கனமான கச்சா எண்ணெய் மங்கலாக, சிவப்புப் பக்கம் தள்ளி ஒளிரும். ரேடார் படத்தில் எண்ணெயும் காற்றில்லாத அமைதியான நீரும் ஒரே கருந்திட்டாகத் தெரியலாம். லேசர் இரண்டையும் பிரித்துவிடும். 2017 ஜனவரி 28-இல் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபின் கரையில் எண்ணெயை வாளியால் அள்ளியதை நினைத்தால், எந்தத் திட்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்று உடனே தெரிவதன் அருமை புரியும்.

லேசரால் முடியாததும் நிறைய உண்டு. பாதரசம், ஈயம், நைட்ரேட் போன்றவை இப்படி ஒளிர்வதில்லை; நோய்க் கிருமியின் பெயரையும் அது சொல்லாது. கலங்கிய கரைநீரில் சில மீட்டருக்குமேல் பார்ப்பதும் கடினம். ஆகவே பாட்டிலும் ஆய்வகமும் வேண்டும். எந்த இடத்தில் பாட்டிலை முக்க வேண்டும் என்று சொல்வதுதான் லேசரின் வேலை.

இது கைக்கெட்டாத கனவும் இல்லை. ஜெர்மனி தன் கடல்களைக் கண்காணிக்க டோர்னியர் 228 விமானத்தில் இத்தகைய லேசர் கருவியைப் பொருத்திப் பறக்கவிட்டது. நம் கடலோரக் காவல்படை பறப்பதும் அதே ரக விமானத்தில்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்கும் தேசியப் பூங்கா என்ற பாதுகாப்பை 1986-இலேயே கொடுத்துவிட்டோம். அவற்றைச் சுற்றியுள்ள தண்ணீரைத் தொடர்ந்து பார்க்கும் கண் இன்னும் தேவைப்படுகிறது. அந்தக் கண் ஒரு சாக்கடை வாயைக் காட்டினால், அதைச் சுத்திகரிப்பது நகராட்சியின் கடமை. செய்யும்வரை கேட்பது ஊராரின் கடமை.